12,34,56,789: ஒரு பெரிய எண்ணைக் கையால் ஆராய்வது எப்படி?

பெரிய எண் ஒன்று கண்ணில் பட்டால் அதன் குணங்களைத் தெரிந்துகொள்ள இன்று சில விநாடி போதும். இணையத்தில் தட்டினால் காரணிகள் முதல் இரும வடிவம் வரை எல்லாம் வந்து விழும். ஆனால் அந்த விடைகள் எங்கிருந்து வருகின்றன, எது எதனால் வருகிறது என்பது அப்படிப் பார்த்தால் பிடிபடாது. ஒரே ஒரு எண்ணையாவது பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு முழுசாகப் பிரித்துப் பார்த்தவருக்கு எண்ணியல் வேறு மாதிரித் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான வழிகாட்டிதான் இது.

எடுத்துக்கொள்ளும் எண் 123456789. நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 12,34,56,789. பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. யாருக்கும் மனப்பாடம் செய்யத் தேவையில்லாத எண். இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு நல்ல காரணமும் இருக்கிறது, அது நான்காம் படியில் வரும். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

முதல் படி: எண்ணின் அளவைப் பிடியுங்கள்

காரணி தேட இறங்குவதற்கு முன் வர்க்கமூலம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பகு எண்ணுக்கு அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது கட்டாயம் இருக்கும். எனவே தேடல் எங்கே முடியும் என்பதை வர்க்கமூலம்தான் சொல்கிறது.

11111² = 12,34,54,321. 11112² = 12,34,76,544. நம் எண் இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஆக, அது முழு வர்க்கம் இல்லை, தேடலின் எல்லை 11111. பத்தாயிரத்துக்குள் மட்டும் 1229 பகா எண்கள் உண்டு. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்துவிடும். அதைக் குறைக்கத்தான் அடுத்த படிகள்.

இந்த அளவுள்ள எண்களில் சராசரியாகப் பத்தொன்பதுக்கு ஒன்றுதான் பகா எண். பகா எண் எண்ணிக்கைத் தேற்றம் தரும் கணிப்பு இது. ஆகவே "பகு எண்ணாகத்தான் இருக்கும்" என்ற எதிர்பார்ப்போடு தொடங்குவது நியாயம்.

இரண்டாம் படி: இலக்கங்களைக் கேளுங்கள்

கடைசி இலக்கம் 9. எனவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. கடைசி இரண்டு இலக்கங்கள் 89, அதை 4-ஆல் வகுத்தால் மீதி 1. கடைசி மூன்று இலக்கங்கள் 789, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 5. இந்த இரண்டு மீதிகளையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

அடுத்து இலக்கங்களின் கூட்டல். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. அது 9-ஆல் வகுபடுகிறது, எனவே நம் எண்ணும் 9-ஆல் வகுபடும். இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எழுதக்கூடிய 3,62,880 எண்களில் ஒன்றுகூடப் பகா எண்ணாக இருக்க முடியாது.

12,34,56,789 ÷ 9 = 1,37,17,421. இதன் இலக்கக் கூட்டல் 26. மூன்றால் வகுபடவில்லை. ஆக, நம் எண்ணில் 3 என்பது சரியாக இரண்டு முறை இருக்கிறது, மூன்றாவது முறை இல்லை. புதியவர்கள் பலர் இந்த இடத்தில் "9-ஆல் வகுபடுகிறது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு பகாக் காரணி கிடைத்தால், அது இனி வகுக்காது என்கிற வரைக்கும் வகுத்துக்கொண்டே போக வேண்டும்.

மூன்றாம் படி: 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை

7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது இதைவிட ஒன்று குறைவு. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, தொகுதிகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் கிடைக்கும் சின்ன எண்ணுக்கும் மூல எண்ணுக்கும் 7, 11, 13 ஆகியவற்றால் வகுக்கும்போது ஒரே மீதிதான் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை: நம் ஊர்க் காற்புள்ளி இரண்டு இரண்டாகப் பிரிக்கும். இந்தச் சோதனைக்கு அது ஆகாது. காற்புள்ளிகளை அழித்துவிட்டு 123 | 456 | 789 என்று புதிதாகக் கோடு போடுங்கள்.

789 − 456 + 123 = 456.

456-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி 1. மூன்றும் காரணிகள் இல்லை. ஒரு கூட்டல், ஒரு கழித்தல், மூன்று குட்டி வகுத்தல்களில் மூன்று பகா எண்கள் ஒழிந்தன.

நான்காம் படி: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்

இப்போது கையில் இருப்பது 1,37,17,421. இதன் வர்க்கமூலம் 3703-க்கும் 3704-க்கும் இடையே. தேடல் எல்லை 11111-இலிருந்து 3703-ஆகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அந்த எல்லைக்குள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. 17, 19, 23 என்று வரிசையாகப் போவதற்கு முன் வேறொரு வழியைச் சில முறையாவது முயன்று பாருங்கள்.

ஒற்றைப்படை எண் ஒன்று இரண்டு காரணிகளின் பெருக்கலாக இருந்தால், அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாகவும் எழுதலாம். காரணிகளின் சராசரியின் வர்க்கத்திலிருந்து, அவற்றின் வித்தியாசத்தில் பாதியின் வர்க்கத்தைக் கழித்தால் மூல எண் வந்துவிடும். 15 = 3 × 5. சராசரி 4, வித்தியாசத்தில் பாதி 1. 16 − 1 = 15. பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான், பின்னாலிருந்து முன்னால் போகிறோம். இதைக் காரணி தேடும் கருவியாக்கியவர் பிரெஞ்சு நாட்டுப் பியர் தெ ஃபெர்மா. 1643-இல் எழுதிய கடிதம் ஒன்றில் 2,02,76,51,281 என்ற எண்ணை இதே வழியில் 44021 × 46061 என்று பிரித்துக் காட்டினார். தொழிலால் அவர் வழக்கறிஞர்.

செய்முறை இதுதான். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள். மிச்சம் முழு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முழு எண்.

3704² = 1,37,19,616. நம் எண்ணைக் கழித்தால் 2195. ஐந்தில் முடியும் முழு வர்க்கம் 25-இல்தான் முடிய வேண்டும், இது 95-இல் முடிகிறது. எனவே வர்க்கம் இல்லை, மூலம் எடுத்துப் பார்க்கவே தேவையில்லை.

அடுத்தது 3705. மறுபடி வர்க்கம் போட வேண்டாம். 3704²-க்கும் 3705²-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 3704 + 3705 = 7409. அதைப் பழைய மிச்சத்தோடு கூட்டினால் போதும்: 2195 + 7409 = 9604.

9604 = 98².

முடிந்தது. 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. ஆகவே,

1,37,17,421 = 3607 × 3803.

ஐந்நூறு வகுத்தல்களுக்குப் பதில் இரண்டே முயற்சி. இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் சொன்ன காரணம் இதுதான். காரணிகள் இரண்டும் கிட்டக் கிட்ட இருந்ததால் உடனே அகப்பட்டன. இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கித்தான் சாவி செய்கிறார்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கக் கூடாது என்று தர விதிகள் சொல்வதும் இந்த வழிக்கு அஞ்சித்தான்.

பெருக்கலைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: 3607-இன் இலக்கக் கூட்டல் 16, அதிலிருந்து 7. 3803-க்கு 14, அதிலிருந்து 5. 7 × 5 = 35, அதிலிருந்து 8. 1,37,17,421-க்கு 26, அதிலிருந்து 8. பொருந்துகிறது. ஆனால் இந்தச் சோதனையில் தேறினால் மட்டும் விடை சரி என்று ஆகிவிடாது. இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் இது காட்டிக்கொடுக்காது.

ஐந்தாம் படி: கிடைத்தவை பகா எண்கள்தானா?

3607-இன் வர்க்கமூலம் 60-க்குச் சற்று மேலே, 3803-க்கு 61-க்குச் சற்று மேலே. எனவே 61 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் பதினெட்டே பகா எண்கள், அவற்றில் 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை முன்பே கழிந்துவிட்டன. மூல எண்ணை வகுக்காத 7 அதன் காரணியை மட்டும் எப்படி வகுக்கும்? மிச்சம் பன்னிரண்டு. பொறுமையாக வகுத்துப் பாருங்கள், எதுவும் மீதியின்றிப் போகாது. இரண்டும் பகா எண்கள்.

12,34,56,789 = 3² × 3607 × 3803.

இந்த வரியைப் பெரிதாக எழுதிக் கட்டம் கட்டிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் வரும் பெரும்பாலான குணங்கள் இந்த ஒரு வரியிலிருந்தே வரும்.

ஆறாம் படி: வகுத்திகளை எண்ணுதல், கூட்டுதல்

ஒரு வகுத்தியை உருவாக்க 3-ஐ எத்தனை முறை எடுக்கலாம்? 0, 1, 2 என மூன்று வழி. 3607-ஐ எடுக்கலாம், விடலாம், இரண்டு வழி. 3803-க்கும் அப்படியே. 3 × 2 × 2 = 12 வகுத்திகள். அவை 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 1,37,17,421, 4,11,52,263, அப்புறம் அந்த எண்ணே. நடுவில் நிற்கும் 10821, 11409 இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், மூல எண் வரும்.

பன்னிரண்டு என்பது கூடுதலா குறைவா? கொஞ்சம் கீழே இறங்கினால் 12,25,22,400 என்ற எண் இருக்கிறது. அது 2⁵ × 3² × 5² × 7 × 11 × 13 × 17. மேலே சொன்ன அதே முறையில் எண்ணினால் 6 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 864 வகுத்திகள். தனக்கு முன்னால் வரும் எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களில் இதுவும் ஒன்று. இவ்வகை எண்களை ஆராய்ந்து 1915-இல் நீண்ட கட்டுரை வெளியிட்டவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு எண்கள், ஒன்றுக்கு 12, மற்றதற்கு 864. எண்ணின் பருமனைப் பார்த்து அதன் உள்ளமைப்பை ஊகிக்கவே முடியாது.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கும் பட்டியலைக் கூட்ட வேண்டாம். (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 17,84,22,816. இதிலிருந்து எண்ணைக் கழித்தால் 5,49,66,027. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் எண்ணைவிடக் குறைவு, எனவே இது குறைவெண். சமமாக இருந்தால் நிறைவெண் ஆகியிருக்கும், 6-உம் 28-உம் போல.

நம் எண்ணோடு பொதுக் காரணி ஏதும் இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், 1-இலிருந்து அதுவரை எத்தனை? 9-க்கு 6, 3607-க்கு 3606, 3803-க்கு 3802. மூன்றையும் பெருக்கினால் 8,22,60,072. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த மூன்றில் ஒரு பங்கை வெட்டியது 3 என்ற சின்னக் காரணிதான். மற்ற இரண்டு பெரிய காரணிகள் தனியாக வெட்டுவது மிகச் சொற்பம்.

ஏழாம் படி: வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால், 4-ஆல் வகுக்கும்போது மீதி 3 ஒருபோதும் வராது. நம் எண்ணின் மீதி 1, ஓரத்தில் குறித்து வைத்தோம். எனவே கதவு அடைபடவில்லை. ஆனால் இதோடு நின்றால் தவறான முடிவுக்கு வருவோம். ஃபெர்மா கண்டு, ஆய்லர் நிறுவிய விதி இன்னும் கறாரானது: 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறையே வந்திருக்க வேண்டும். 3 அப்படிப்பட்டது, ஆனால் இரண்டு முறை வருவதால் பாதகம் இல்லை. 3607-க்கு மீதி 3, ஒரே முறைதான் வருகிறது. 3803-க்கும் அப்படியே. எனவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுதவே முடியாது. இரண்டு காரணிகளின் மீதியும் 3 என்பதால், பெருக்கும்போது 3 × 3 = 9, மீதி 1 என்று ஆகி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உண்மை மறைந்திருந்தது. காரணிப்படுத்தியதால்தான் அது தெரிய வந்தது.

மூன்று வர்க்கங்கள் என்றால்? இங்கே 8-ஆல் வகுத்த மீதி உதவும். லெஜாண்டர் நிறுவிய தேற்றப்படி, 4-ஆல் வகுபடும்வரை வகுத்துக்கொண்டே போய், கடைசியில் 8-ஆல் வகுத்த மீதி 7 வந்தால் மட்டுமே மூன்று வர்க்கங்களாக எழுத முடியாது. நம் எண் ஒற்றைப்படை, மீதி 5. ஆகவே முடியும். தேற்றம் "முடியும்" என்று சொல்வதோடு நின்றுவிடும், தேடிப் பிடிப்பது நம் வேலை. கிட்டத்தில் உள்ள பெரிய வர்க்கத்தை, அதாவது 11111²-ஐக் கழியுங்கள். மிச்சம் 2468. அது 4 × 617. 617 = 16² + 19². நான்கை உள்ளே கொண்டுபோனால் 2468 = 32² + 38².

12,34,56,789 = 11111² + 38² + 32².

முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. இன்னும் எத்தனையோ வழிகளில் எழுதலாம், தேடிப் பாருங்கள்.

எண்ணின் குணமா, எழுத்தின் குணமா?

பெரிய எண்களைப் பற்றி உலவும் "அதிசயங்களை" அணுகும்போது இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்கச் சொல்வேன். 1, 2, 3 என்று வரிசையாக நிற்பது நாம் பத்தின் அடிப்படையில் எழுதுவதால் வந்த அழகு. அதே எண்ணை இரும முறையில் எழுதினால் 111010110111100110100010101. இருபத்தேழு இலக்கம், அதில் பதினாறு ஒன்றுகள், வரிசை எதுவும் இல்லை. ஆனால் 3² × 3607 × 3803 என்ற அமைப்பும், பன்னிரண்டு வகுத்திகளும், இரண்டு வர்க்கமாக எழுத முடியாமையும் எந்த முறையில் எழுதினாலும் மாறாது. எண் கணித ஜோதிடம் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருகிறதே, அது முழுக்க எழுத்தைச் சார்ந்தது. எழுதும் அடிப்படையை மாற்றினால் அந்த விடையும் மாறிவிடும்.

எழுத்தின் குணம் என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை, அதற்கும் காரணம் உண்டு. வர்க்கமூலத்தைப் போட்டுப் பார்த்தால் 11111.11106 என்று வரும். ஏன் இத்தனை ஒன்றுகள்? 1-ஐ 81-ஆல் வகுத்தால் 0.012345679012345679 என்று போகும். எனவே ஆயிரம் கோடியை 81-ஆல் வகுத்தால் 12,34,56,790.12. நம் எண் அதைவிட ஒன்று சொச்சம்தான் குறைவு. ஆயிரம் கோடியின் மூலம் ஒரு லட்சம், 81-இன் மூலம் 9. ஒரு லட்சத்தை 9-ஆல் வகுத்தால் ஒன்றுகளாகத்தானே வரும்!

இன்னொன்று: 12,34,56,789 × 8 + 9 = 98,76,54,321. வேடிக்கையாகச் சொல்லப்படும் இந்தச் சமன்பாட்டில் ஒரு உபயோகம் இருக்கிறது. இந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி என்ன? பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஈவு 8, மீதி 9. சிறியது 9-ஆல் வகுபடும். யூக்ளிடின் முறை இரண்டே வரியில் முடிந்தது, விடை 9.

வர்க்க வழி கைவிடும் இடம்

4,29,49,67,297 என்ற எண்ணை எடுங்கள். இது 2³² + 1. ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732-இல் ஆய்லர் இதை 641 × 67,00,417 என்று பிரித்தார். இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி இருக்கிறது, காரணிகளின் சராசரியோ 33,50,529. நான்காம் படியில் செய்தபடி ஒவ்வொன்றாக ஏறினால் 32 லட்சத்துக்கும் மேல் முயற்சிகள் தேவை. ஃபெர்மாவின் வழியே ஃபெர்மாவின் எண்ணுக்குக் கைகொடுக்காது.

ஆய்லர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். இந்த வடிவமுள்ள எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும் என்று நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது. எண் எந்த வடிவத்தில் பிறந்தது என்று தெரிந்தால், அதை முதலில் பயன்படுத்துங்கள். கண்மூடித்தனமான தேடல் கடைசியில்தான்.

பயிற்சிக்கு மூன்று எண்கள்

12,34,567-ஐ எடுத்து இரண்டு வழியிலும் பாருங்கள். இதில் சின்னப் பகா எண்களால் வகுத்துப் போகும் வழி முந்தும், 130-க்குள் விடை கிடைக்கும். ஃபெர்மாவின் 2,02,76,51,281-க்கு வர்க்க வழிதான் சரி. 45030-இல் தொடங்குங்கள், பன்னிரண்டாவது முயற்சியில் முழு வர்க்கம் வரும். மூன்றாவதாக 98,76,54,321. இதில் 9-ஐ எடுத்த பிறகு வரும் பகாக் காரணி 20-க்குள் இருக்கிறது. அதைக் கண்டதும் நிற்காமல் மறுபடியும் அதனாலேயே வகுத்துப் பாருங்கள்.

மூன்றையும் கையால் முடித்த பிறகு கணினியில் சரிபார்க்கலாம். லினக்ஸ் டெர்மினலில் ஃபேக்டர் (factor) என்ற கட்டளையோடு எண்ணைக் கொடுத்தால் பகாக் காரணிகளை ஒரே வரியில் காட்டும். ஒரே காரணி இரண்டு முறை வந்திருந்தால் அதையும் இரண்டு முறை அச்சிடும்.